கொக்குக்கு ஒரு வாட்

‘பள்ளி விடுமுறைச் சிறப்பிதழ் வருது, பொம்மை பத்தி ஏதாவது எழுதுங்க சார்’ என்று தொலைபேசி வந்தபோது, போலகத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கொக்கின் கழுத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தகரக் கொக்கு. வயிற்றுக்குள் ஒரு சின்ன மோட்டார், இரண்டு பென்சில் பேட்டரி, பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து உருவிய பல்சக்கரங்கள். அதற்கு முந்தின நாள்தான் முதல் ஓட்டம் பார்த்திருந்தோம். கொக்கு நடந்தது, தலையை ஆட்டியது, கொத்தியது; மறுபடி நடந்தது, ஆட்டியது, கொத்தியது. அக்கா மகள் கொஞ்ச நேரம் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இது கொக்கு இல்ல மாமா, தையல் மிஷினு.”

ஒன்பது வயதுக்காரியின் அந்தத் தீர்ப்பை மேல்முறையீடு செய்ய எனக்கு வழியில்லை. வீட்டுக்கு எதிரேயே வயல். நடவு முடிந்து தண்ணீர் கட்டியிருந்த நேரம். அசல் கொக்குகள் பத்துப் பன்னிரண்டு அங்கே நின்றன. என் தகரக் கொக்கு எதில் தோற்றது என்பதை அவள் தலையைத் திருப்பினாலே பார்த்துக்கொள்ளலாம்.

நானும் பார்த்தேன். நாலு நாள், காலையில் ஒரு மணி நேரம். கொக்கின் வேலையில் பெரும்பகுதி சும்மா நிற்பது. ஔவை பாடி வைத்ததால் அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பொம்மை செய்கிறவன் அதை மறந்துவிடுகிறான். மோட்டார் கையில் கிடைத்ததும் எல்லாவற்றையும் எப்போதும் ஆட்ட வேண்டும் என்ற வெறி வந்துவிடுகிறது. அசையாமல் நிற்கும் நேரத்தையும் வடிவமைத்தாக வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இரண்டாவது, தலை. கொக்கு நடக்கும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டுவதாகத்தான் நமக்குத் தெரிகிறது. உண்மையில் பின்னே ஆட்டுவதே கிடையாது. தலையைச் சட்டென்று முன்னே நீட்டுகிறது; நீட்டிய இடத்தில் தலை அப்படியே நிற்கிறது; உடம்பு மெல்ல நடந்து வந்து தலையோடு சேர்கிறது. பிறகு மறுபடி நீட்டல். கண்ணுக்கு முன் காட்சி ஆடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 1978இல் கனடாவில் ஒருவர் ஓடும் பட்டையின் மேல் புறாவை நடக்க விட்டுப் பார்த்தார். புறா நடந்தது, ஆனால் இடம் நகரவில்லை. சுற்றியுள்ள காட்சியும் மாறவில்லை. தலையாட்டல் நின்றுவிட்டது. கடையில் விற்கும் பறவைப் பொம்மை எதை எடுத்தாலும் தலை ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் சம வேகத்தில் போய் வரும். அங்கேயே பாதி உயிர் போய்விடுகிறது.

மூன்றாவது, முழங்கால். பறவைக்கு முழங்கால் பின்பக்கம் மடிவதாக நாம் நினைப்பது, உண்மையில் அதன் கணுக்கால். நிஜ முழங்கால் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் வளைத்த முதல் ஜோடிக் கம்பிக்கால்களை அக்கா கொடிக்கம்பியில் மாட்டும் கொக்கிகளாக்கிவிட்டாள்.

இனி வயிற்றுக்குள் போவோம். பொம்மைக் கடைகளில் கிடைக்கும் மூன்று வோல்ட் மோட்டார் சுமையோடு ஓடும்போது நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும். இழுக்கும் மின்சாரம் 0.3 ஆம்பியர் என்று வைத்தால், ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் திருமலைராயன்பட்டினம் வட்டாரத்தில் எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் மின்நிலையம் இருக்கிறது. கணக்குப்படி அது மூன்றேகால் கோடிக் கொக்குகளை நடக்க வைக்கும். எனக்கு ஒன்றுகூட ஒழுங்காக நடக்கவில்லை.

வேகம்தான் முதல் எதிரி. வினாடிக்குச் சுமார் 120 சுற்றை, ஐந்து வினாடிக்கு ஒரு சுற்றாக இறக்க வேண்டும். முதலில் ஒரு வார்ம் கியர், முப்பதுக்கு ஒன்று. பிறகு நாலுக்கு ஒன்று, அப்புறம் ஐந்துக்கு ஒன்று. மொத்தம் அறுநூறு மடங்கு. வார்ம் கியருக்கு இன்னொரு குணம் உண்டு: மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் மோட்டாரைச் சுற்ற முடியாது. கழுத்து ஸ்பிரிங் எவ்வளவு இழுத்தாலும் வண்டி பின்னால் ஓடாது. இது பின்னால் எனக்கு உயிர் காத்தது.

கொத்தலுக்கு நத்தை ஓடு மாதிரி வெட்டிய ஒரு கேம். மையத்திலிருந்து விளிம்பு மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போய், ஓரிடத்தில் செங்குத்தாக வெட்டுப்படும். அதன் மேல் உட்கார்ந்த கம்பி கழுத்தை அரிசி அரிசியாகப் பின்னுக்கு இழுக்கும். பார்க்கிறவனுக்கு இழுப்பதே தெரியாது. வெட்டுக்கு வந்ததும் கம்பி தொப்பென்று விழ, ஸ்பிரிங் கழுத்தை வீசும். ஓட்டல் வாசலில் மணி அடிக்கும் பழைய சுவர்க்கடிகாரத்துக்குள்ளும் இந்த நத்தையின் உறவினர் ஒருவர் உண்டு. கால்களுக்குப் பாதிப் பற்களைச் சீவி எறிந்த ஒரு சக்கரம்: பல் இருக்கும் பாதியில் கொக்கு நடக்கும், மொட்டைப் பாதியில் நிற்கும். தலைக்கு, நீள்துளை போட்ட ஒரு கம்பி. உடல் முன்னேறும் அளவுக்குத் தலை பின்னே வழுக்கிக்கொடுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் அந்தத் தையல் மிஷின் பட்டம் போகவில்லை. நடை, நிறுத்தம், கொத்தல் எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு சுற்றும் அச்சடித்த மாதிரி. நம் கோயில்களில் அர்ச்சகர் சுவிட்ச் போட்டதும் தானே அடித்துக்கொள்ளும் மின்சார மேளம் இருக்கிறதே, அதே கதை. இரண்டு நாள் கேட்டால் மூன்றாம் நாள் காதில் விழாது.

வழி சொன்னவர் பட்டினத்தில் மோட்டார் காயில் கட்டும் அண்ணன். கொக்கை உள்ளங்கையில் கவிழ்த்து வைத்து, சக்கரங்களை நகத்தால் எண்ணினார். பத்து, இருபது, பதினைந்து, முப்பது. “எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு வகுபடுது தம்பி. அப்புறம் திரும்பத் திரும்ப ஒரே எடத்துலதான் வந்து நிக்கும். பெரிய மிஷின் கியர்ல ஒரு பல்லு வேணும்னே கூடுதலா வச்சிருப்பான், பாத்ததில்லையா? ஒரே பல்லும் ஒரே பல்லும் உரசித் தேயக் கூடாதுன்னு.”

தேய்மானத்துக்குச் சொன்ன அந்த வைத்தியம் கொக்குக்கு உயிர் கொடுத்தது. முக்கியத் தண்டில் பதின்மூன்று பல், அது ஓட்டுவது பதினேழு பல்: கால்கள். அதே தண்டில் இன்னொரு சக்கரம் பதினொரு பல், அது ஓட்டுவது பத்தொன்பது: கழுத்து. கால் தன் பழைய நிலைக்குத் திரும்ப முக்கியத் தண்டு பதினேழு சுற்று சுற்ற வேண்டும். கழுத்துக்குப் பத்தொன்பது சுற்று. இரண்டும் ஒருசேரப் பழைய இடத்துக்கு வர 17×19, அதாவது 323 சுற்று. சுற்றுக்கு ஐந்து வினாடி என்றால் 26 நிமிடம் 55 வினாடி. அதுவரை கொக்கு ஒரு முறை நடந்துகொண்டே கொத்தும், அடுத்த முறை நின்ற கணமே கொத்தும், இன்னொரு முறை வெகுநேரம் நின்று, நாம் நம்பிக்கை இழந்த பிறகு கொத்தும். சிப் கிடையாது, புரோகிராம் கிடையாது. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் வரும் மீச்சிறு பொது மடங்கு மட்டும்தான். கடையில் இந்தப் பல் எண்ணிக்கையில் சக்கரம் கிடைக்காது என்பது வேறு கதை. பொறியியல் படிக்கும் ஒரு பையன் முப்பரிமாண அச்சில் போட்டுக் கொடுத்தான். பதினேழு பல் சக்கரம் இரண்டு தடவை பதினெட்டாக வந்தது.

பறவைக்கு உயிர் கொடுக்கும் இந்தப் பைத்தியம் புதிதல்ல. எங்கள் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன அதே 1739ஆம் ஆண்டு வாக்கில், அவர்களுடைய பாரீஸ் நகரம் ஒரு வாத்தைப் பார்க்கக் காசு கொடுத்து வரிசையில் நின்றது. ழாக் தெ வொக்கான்சோன் என்பவர் செப்பில் செய்த வாத்து. இறகடிக்கும், தண்ணீர் குடிக்கும், கையிலிருந்து தானியம் கொத்தும், சற்று நேரம் கழித்துக் கழியவும் செய்யும். ஒரு சிறகுக்குள் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட உறுப்புகள் என்று சொல்வார்கள். தின்றதைச் செரிப்பதாகச் சொன்னதுதான் புளுகு; தின்ற தானியம் ஓர் அறையில் தங்கிவிடும், முன்கூட்டியே இன்னோர் அறையில் அடைத்துவைத்த பச்சை உருண்டை வெளியே வரும். பிற்காலத்தில் இது வெளுத்தது. ஆனால் அந்த ஆள் சும்மா மாயக்காரர் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் பிரெஞ்சு அரசு அவரைப் பட்டுத் தொழிலுக்கு ஆய்வாளராகப் போட்டது. 1745இல் துளையிட்ட அட்டைகளால் தானே நெய்யும் தறி ஒன்றைச் செய்தார். அரை நூற்றாண்டு கழித்து ஜக்கார்டு தறிக்கு அதுதான் அடிப்படை. கணினியின் வம்சாவளியை எழுதுகிறவர்கள் அந்தத் தறியிலிருந்து தொடங்குவார்கள். நான் ஒரு படி மேலே போய் வாத்திலிருந்து தொடங்குவேன்.

நம் பக்கம் இந்த ஆசைக்கு இன்னும் வயது அதிகம். உதயணனைப் பிடித்தது பெருங்கதையின் பொறியானை. சச்சந்தன் தன் கர்ப்பிணி மனைவியை ஏற்றி அனுப்பியது சீவகசிந்தாமணியின் மயிற்பொறி. வலப்பக்கம் திருகினால் எழும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். கதைதான். ஆனாலும் திருகும் திசை வரைக்கும் எழுதி வைத்த கவிஞருக்கு ஏதோ ஒரு பட்டறையோடு பழக்கம் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அசல் பாடம் தஞ்சாவூரில் இருக்கிறது. தலையாட்டி பொம்மைக்கு 2008-09இல் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்து ஷோகேஸில் வைத்துவிட்டோம். அதன் பொறியியலை யாரும் பேசுவதில்லை. நாட்டியப் பெண் பொம்மையை எடுத்துப் பாருங்கள். பாவாடை, உடல், தலை தனித்தனித் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு கம்பி முனையில் உட்கார்ந்திருக்கிறது. விரலால் தட்டினால் மூன்றும் ஆடும். ஆனால் மூன்றின் கனம் வேறு, நீளம் வேறு, ஆகவே ஆட்டத்தின் தாளமும் வேறு. தலை இடப்பக்கம் போகும்போது இடுப்பு வலப்பக்கம் போகும், அடுத்த நொடி இரண்டும் சேரும், பிறகு விலகும். அதோடு ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வரும். ஒரு அசைவும் முந்தினதைப் போல இல்லை. பதின்மூன்றும் பதினேழும் வைத்து நான் திருகிக்கொண்டிருந்ததை, மோட்டார் இல்லாமல், காகிதக் கூழும் மாவும் களிமண்ணும் கொண்டு செய்து முடித்திருக்கிறார்கள். காரைக்காலிலிருந்து கும்பகோணம் வழியாகப் பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரத்துக்குள் தஞ்சாவூர். நான் இணையத்தில் ஜப்பான் பொம்மைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பேட்டரி பொம்மைகளிலும் மேதைகள் இல்லாமல் இல்லை. 1998இல் அமெரிக்காவில் வந்த ஃபர்பி என்ற மயிர்ப்பந்து கண்ணை மூடித் திறக்கும், காதை நிமிர்த்தும், வாய் பேசும், முன்னே சாயும். இத்தனைக்கும் உள்ளே ஒரே ஒரு மோட்டார். ஒரே தண்டில் வரிசையாகக் கேம்கள். தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அந்த முகபாவம். முன்னும் பின்னும் சுற்றி வேண்டிய கோணத்தைத் தேடிக்கொள்ளும். மூன்றே ஆண்டுகளில் நாலு கோடி விற்றது.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள நாகூர் கந்தூரிக் கடைகளே போதும். எங்கள் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். போன கந்தூரியில் ஒரு நாய், ஒரு வாத்து, ஒரு டைனோசர், மூன்றும் பேட்டரியில் ஓடுபவை, வாங்கி வந்தேன். கட்டுரைக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். மூன்றும் சத்தம் போட்டன. மூன்றுக்கும் கண்ணில் சிவப்பு விளக்கு. நாய் பாடியது, வாத்து அதே பாட்டைப் பாடியது. அசைவு என்று பார்த்தால் மூன்றுக்கும் அடியில் ஒரே சக்கரப் பெட்டி: முட்டினால் திரும்பிக்கொள்ளும், அவ்வளவே. மேலே நாய்த்தோலா வாத்துத்தோலா என்பதுதான் வித்தியாசம். அசைவு செய்யப் பல்சக்கரம் வேண்டும், அச்சு வேண்டும், ஒவ்வோர் அச்சுக்கும் செலவு. பாட்டுக்கு ஒரு சிப் போதும். அதனால் பொம்மைகள் ஆடுவதை நிறுத்திவிட்டுக் கத்த ஆரம்பித்துவிட்டன.

இதுகூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. திறக்க முடியவில்லை என்பதுதான் வருத்தம்.

டைனோசரை எடுத்துக்கொண்டேன். பேட்டரி மூடியில் ஒரு ஸ்க்ரூ. சரி. அதைத் தவிர உடம்பில் எங்கேயும் ஸ்க்ரூ இல்லை. இரண்டு பாதியும் உருக்கி ஒட்டப்பட்டிருக்கின்றன. நாயில் ஸ்க்ரூ இருந்தது. தலை முக்கோணம், எந்த வீட்டு ஸ்க்ரூ டிரைவரும் பொருந்தாது. வாத்தை ரம்பத்தால் அறுத்தேன். உள்ளே ஒரு சின்னப் பச்சைப் பலகை, அதன் நடுவே பழுத்த நாவல் பழத்தைப் பிதுக்கி வைத்த மாதிரி ஒரு கறுப்புச் சொட்டு. வாத்தின் மூளை அந்தப் பிசினுக்கு அடியில் இருக்கிறது. அதைச் சுரண்டினால் மூளை போய்விடும், சுரண்டாவிட்டால் ஒன்றும் தெரியாது.

என் தலைமுறையில் மெக்கானிக் ஆனவன், எலக்ட்ரீஷியன் ஆனவன், என்ஜினியர் ஆனவன் யாரைக் கேட்டாலும் ஒரு பொம்மையைப் பிய்த்த கதை சொல்வான். சாவி கொடுக்கும் கார், தகரக் குரங்கு, மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரோபோ. அடியும் வாங்கியிருப்பான். பிய்த்ததில் ஸ்பிரிங் பறந்து போய் முகத்தில் அடித்திருக்கும், சக்கரம் ஒன்று மிச்சமாகியிருக்கும். ஆனால் பிய்த்தவன் கண்ணுக்கு ஏதோ ஒன்று கிடைத்தது: இது சுற்றினால் அது ஏறுகிறது, அது ஏறினால் கை தூக்குகிறது. இன்றைக்கு வாத்தைப் பிய்க்கிற குழந்தைக்கு என்ன கிடைக்கும்? ஒரு கறுப்புச் சொட்டு. அடி மட்டும் பழையபடி கிடைக்கும்.

பாதுகாப்புக்காகத்தான் மூடுகிறோம் என்று ஒரு கட்சி உண்டு. பட்டன் செல் ஒன்று குழந்தையின் உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ கட்டாயம் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பேட்டரியைப் பூட்டுவது வேறு, பல்சக்கரத்தைப் பூட்டுவது வேறு. 2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்; மின்சாரப் பொம்மைக்குத் தனித் தரம், ஐ.எஸ். 15644. இறக்குமதித் தீர்வை 2020இல் இருபது சதவீதத்திலிருந்து அறுபதாகி, 2023இல் எழுபதானது. உள்நாட்டில் செய்யட்டும் என்ற எண்ணம், நல்ல எண்ணம். புவிசார் குறியீடு பெற்ற பொம்மைக்கும், பதிவு செய்துகொண்ட கைவினைஞர்களின் பொம்மைக்கும் முத்திரையிலிருந்து விலக்கு உண்டு, தலையாட்டி தப்பித்தது. ஆனால் உள்நாட்டில் செய்து வரும் பேட்டரி பொம்மைகளும் அதே உருக்கி ஒட்டிய உடம்பு, அதே கறுப்புச் சொட்டு என்றால், ஊர் மாறியதே தவிர வேறென்ன மாறியது? கூர்முனை இருக்கக் கூடாது, சாயத்தில் ஈயம் இருக்கக் கூடாது என்று சொல்லத் தெரிந்த நமக்கு, பத்து வயதுக் குழந்தை ஒரு சாதா ஸ்க்ரூ டிரைவரால் வயிற்றைத் திறந்து பார்த்துத் திரும்ப மூட முடிய வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை.

நாலு கட்டுரைக்கு இடையே ஒரு பொம்மை செய்தவன் இவ்வளவு பேசலாமா என்று காயில் அண்ணனே கேட்டார். “உங்க கொக்க நாலு மாசம் கழிச்சுப் பாப்போம் தம்பி. உப்புக்காத்து.” அவர் சொன்ன நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பேட்டரி முனைக் கம்பிச்சுருள் மூன்றாவது வாரமே துருவேறியது. மலிவு பேட்டரி ஒன்று கசிந்து வெள்ளையாகப் பொடி பூத்தது. புளித்தண்ணீர் வைத்துத் தேய்த்து, காயவைத்து, மறுபடி மாட்டினேன். திறக்க முடிந்ததால் மாட்டினேன்.

இரண்டாம் பதிப்பில் ஒரு மாற்றம் செய்திருந்தேன். கொக்கின் இடப்பக்க வயிற்றுத் தகரத்தை எடுத்துவிட்டு, பழைய குறுந்தகடுப் பெட்டியின் கண்ணாடி மூடியை வெட்டி, நாலு ஸ்க்ரூவில் பொருத்தினேன். பார்க்க அசிங்கம். வயலில் நிற்கும் எந்தக் கொக்குக்கும் வயிற்றில் ஜன்னல் இல்லை. அக்கா மகள் அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 323 கணக்கை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் நான் தூங்கி எழுந்து வந்தபோது திண்ணையில் கொக்கு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது, நாலு ஸ்க்ரூவும் ஒரு தீப்பெட்டிக்குள். பதினேழு பல் சக்கரத்தில் ஒரு பல்லுக்கும் பத்தொன்பதில் ஒரு பல்லுக்கும் அம்மாவின் நகப்பூச்சை வைத்திருந்தாள். பக்கத்தில் சுவர்க்கடிகாரத்தை இறக்கிச் சாய்த்து வைத்துக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பேசாதே என்று கையைக் காட்டினாள். இரண்டு சிவப்புப் பல்லும் ஒரே நேரத்தில் மேலே வந்தன.

“முப்பத்தோரு நிமிஷம் மாமா. நீங்க சொன்னது தப்பு.”

நான் கொக்கைத் தூக்கிப் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். இறங்கியிருந்தது.